காப்பிக் கிடங்கில் ஹைடன்: ஏற்காட்டில் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்த அனுபவம்

பதினேழு வாத்தியக்காரர்கள், ஒரு நடத்துநர், நாலு மைக், ஏற்காட்டில் காலியாகக் கிடந்த ஒரு பழைய காப்பிக் கிடங்கு. இவ்வளவையும் வைத்து, பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் 45-ஆம் சிம்பொனியை முழுசாகப் பதிவு செய்தோம். எதை எப்படி வைத்தோம், எதை ஏன் மாற்றினோம் என்பதை, இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என் வழக்கமான தொழில் வேறு. சேலத்தைச் சுற்றிக் கோயில் திருவிழா நாதஸ்வரம், சர்ச் பாடகர் குழு, எப்போதாவது வாய்ப்பாட்டுக் கச்சேரி. இதிலெல்லாம் ஆளுக்கொரு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிக்ஸரில் உட்கார்ந்து ஏற்றி இறக்குவதுதான் வேலை. மேடையில் தவில் இருக்கும்போது வேறு வழியும் கிடையாது. சிம்பொனிக்கு அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கோவை, பெங்களூரு, சென்னையைச் சேர்ந்த ஆசிரியர்களும் அவர்களுடைய மூத்த மாணவர்களும். நடத்துநர் கோவையில் வயலின் சொல்லித் தருகிறவர். எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள், ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த ஹார்ன்காரர்கள் இரண்டு பேர் உட்பட. முதல் வயலின் நாலு, இரண்டாம் வயலின் நாலு, வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) இரண்டு, செல்லோ இரண்டு, டபுள் பாஸ் ஒன்று, ஓபோ (ஊதுகுழல் வகை) ஒன்று, ஹார்ன் (பித்தளை ஊது வாத்தியம்) இரண்டு. ஹைடன் எழுதியது இரண்டு ஓபோவுக்கு. நம் பக்கத்தில் ஓபோ வாசிக்கிறவர் ஒருவர் கிடைப்பதே பெரிய காரியம் என்பதால் இரண்டாம் ஓபோவின் பகுதியைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார் மிஸ். பசூன் என்ற தாழ்ந்த ஸ்தாயி ஊதுகுழலுக்கு ஆள் கிடைக்கவே இல்லை. அது பெரும்பாலும் பாஸ் வரியோடு சேர்ந்தே போவதால், தனியாக வரும் இடத்தை மட்டும் ஒரு செல்லோ எடுத்துக்கொண்டது.

“இத்தனை பேர் போதுமா, சிம்பொனி என்றால் மேடை நிறைய இருக்க வேண்டாமா?” என்று ஏற்காட்டில் சிலர் கேட்டார்கள். போதும். 1772-இல் ஹைடன் இதை எழுதியபோது எஸ்டர்ஹாசா அரண்மனையில் அவரிடம் இருந்த குழுவே இருபது பேரைத் தாண்டாது. இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாசி கோடை முடிந்த பிறகும் அந்த அரண்மனையை விட்டுக் கிளம்பவில்லை. வாத்தியக்காரர்களோ குடும்பத்தை ஐசன்ஸ்டாட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். வாய்விட்டுக் கேட்க முடியாததை ஹைடன் இசையில் கேட்டார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, மெழுகுவத்தியை அணைத்து, எழுந்து போய்விட, முடிவில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். இளவரசருக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே கிளம்ப உத்தரவிட்டார் என்பது பிரபலமான கதை. ‘பிரியாவிடை’ என்ற பெயர் அதற்கு இப்படித்தான் வந்தது.

பிற்காலத்தில் பெரிய பெரிய குழுக்கள் இந்தச் சிம்பொனிகளைக் கனமாக வாசித்தன. சின்னக் குழுக்கள் மறுபடி தலையெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். நெவில் மாரினர் 1958-இல் லண்டனில் தொடங்கிய அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் முதலில் நடத்துநரே இல்லாத சிறு குழுவாக இருந்தது. மாரினர் வயலினோடு உட்கார்ந்தபடியே வழிநடத்தினார். ஹைடனின் எண்ணிட்ட சிம்பொனிகள் 104. அவற்றை நடத்துநர் அன்டால் டொராட்டி 1969 முதல் 1972 வரை பிலார்மோனியா ஹங்காரிகா குழுவை வைத்து மொத்தமாகப் பதிவு செய்தார். ஆடம் ஃபிஷர் 1987-இல் தொடங்கி 2001 வரை, ஐசன்ஸ்டாட்டில் ஹைடன் வேலை பார்த்த அதே அரண்மனை மண்டபத்தில் வைத்துப் பதிவு செய்தார். வேலைக்கு முன்னால் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஃபிஷரின் பதிவில் மண்டபத்தின் எதிரொலி தாராளமாகக் கேட்கும். வாத்தியம் எவ்வளவு முக்கியமோ அறையும் அவ்வளவு முக்கியம் என்று அதில்தான் எனக்கு உறைத்தது. ஆகவே முதலில் அறையைப் பற்றி.

கிடங்கு

ஏற்காடு ஊருக்குள்ளேயே ஹால் கிடைத்திருக்கும். ஆனால் ஏரி, அண்ணா பூங்கா பக்கமெல்லாம் வண்டிச் சத்தம் ஓயாது. நாகலூர் போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில் பழைய கிடங்கு சும்மா கிடந்தது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கல் தளம். நீளம் 20 மீட்டர், அகலம் 10, சராசரி உயரம் 6. மூன்றையும் பெருக்கினால் 1,200 கன மீட்டர். பதினேழு பேருக்கு இது நல்ல அளவு. கல்யாண மண்டபங்கள் பலவற்றில் கூரை தாழ்வாக இருக்கும், வயலின் சத்தம் மேலே போய்த் திரும்பி வர இடமே இருக்காது.

நடுவில் நின்று கை தட்டினேன். ‘ட்ர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே போய்த் தேய்ந்தது. நேருக்கு நேர் இருக்கும் இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடுகிறது என்று அர்த்தம். பலூன் வெடித்துப் பதிவு செய்து அளந்ததில் எதிரொலி அடங்க 2.6 வினாடி ஆனது. ஹைடனின் வேகமான பகுதிக்கு இது அதிகம், ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறிக்கொள்ளும். 1.7 வினாடி சுமாருக்கு இறக்க நினைத்தேன்.

இதற்கு ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சாபின் கண்டுபிடித்த எளிய கணக்கு இருக்கிறது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் வரும். திருப்பிப் போட்டால் உறிஞ்சும் பரப்பு கிடைக்கும். 2.6 வினாடிக்கு 74 சதுர மீட்டர், 1.7 வினாடிக்கு 114. ஆக இன்னும் 40 சதுர மீட்டர் தேவை. உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஏழெட்டு சதுர மீட்டர் கொடுத்துவிடுவார்கள். மீதிக்கு என்ன செய்வது?

நாங்கள் போனது பிப்ரவரி கடைசி. அறுவடை முடிந்து, காய்ந்த காப்பி புதுக் கிடங்கில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அதில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி ஒரு பக்கச் சுவர் நெடுக, படிக்கட்டு மாதிரி மேடும் பள்ளமுமாக அடுக்கினோம். கோணிப்பையும் உள்ளே இருக்கும் கொட்டையும் சேர்ந்து சத்தத்தை நன்றாக வாங்கிக்கொள்கின்றன. மேடு பள்ளம் இருப்பதால் மிச்சச் சத்தமும் சிதறிப் போகிறது. எதிர்ச் சுவரில் கயிறு கட்டிப் பவானி ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டோம், சுவரை ஒட்டி இல்லாமல் ஒரு சாண் தள்ளி. ஒட்டித் தொங்கவிட்டால் கீச்சுச் சத்தம் மட்டும்தான் குறையும், இடைவெளி விட்டால் இன்னும் கீழ் ஸ்தாயி வரைக்கும் பிடிக்கும். மறுபடி பலூன் வெடித்தபோது 1.8. அதற்கு மேல் துரத்தவில்லை.

மூட்டை தூக்க உதவிய எஸ்டேட் வாட்ச்மேன், கடைசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, இதுங்களும் பாட்டு கேக்கோணுங்களா?”

தளம் இன்னொரு பிரச்சினை. செல்லோவும் டபுள் பாஸும் கீழே இருக்கும் கம்பி வழியாகத் தரையையும் கொஞ்சம் அதிர வைக்கும். கல் தரை அசையாது. சேலத்தில் பந்தல் போடுகிறவரிடம் மேடைப் பலகைகள் வாடகைக்கு எடுத்து, அந்த மூன்று பேருக்கு மட்டும் தாழ்வான மேடை போட்டோம். செல்லோவின் அடிச்சத்தம் உடனே திரண்டு வந்தது. பாஸ்காரரை மூலையிலிருந்து இழுத்து இரண்டு மீட்டர் உள்ளே வைத்தோம், மூலையில் சில ஸ்வரங்கள் மட்டும் பூதாகரமாக வீங்கின. நாற்காலியும் கவனிக்க வேண்டிய விஷயம். பிளாஸ்டிக் நாற்காலி வில் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முனகும், மடக்கு நாற்காலி கிணுகிணுக்கும். எஸ்டேட் பங்களாவிலிருந்த மர நாற்காலிகள் வந்து சேர்ந்த பிறகுதான் மிஸ்ஸும் நானும் நிம்மதியானோம்.

எப்போது அமைதி

மலையில் அமைதி இருக்கும் என்பது சுற்றுலாக்காரர்கள் நினைப்பது. மைக்குக்கு அது தெரியாது. பொழுது சாய்ந்ததும் சில்வண்டு ஆரம்பித்துவிடும். அதன் சத்தம் வயலினின் மேல் அதிர்வுகள் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வதால், பின்னால் கணினியில் வடிகட்டினால் வயலினின் பளபளப்பும் கூடவே போய்விடும். பகலில் குக்குறுவான் விடாமல் கூவும். அது விட்டு விட்டு வருவதால் சமாளிக்கலாம், அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதும். நடுப்பகலில் வெயில் ஏற ஏற ஓடும் சட்டமும் விரிந்து ‘டிக் டிக்’ என்று சொடுக்கும். ஆக எஞ்சியது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும், மாலை நாலிலிருந்து இருட்டும் வரைக்கும். மழைக்காலத்தில் இந்த ஓட்டுக் கூரையின் கீழே இந்த வேலையை யோசிக்கவே முடியாது.

கரண்டை நம்பவில்லை. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது, மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டும் அதிலிருந்தே. இன்வெர்ட்டரை நிறுத்தினோம், பழைய டியூப் லைட் சோக்குகள் ரீங்கரித்ததால் அவற்றையும் அணைத்துவிட்டு, நோட்ஸ் ஸ்டாண்டுகளில் பேட்டரி எல்.இ.டி. மாட்டினோம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் நாலு சேனல் பதிவு செய்தால் மணிக்கு நாலு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். இன்றைய மெமரி கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

காலை நேரத்துக்கு வேறு ஒரு குணம் உண்டு. சேலத்தில் வெயில் முப்பத்தைந்தைத் தொடுகிற பருவத்திலும் மலையில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். டாட்டா ஏஸில் மெத்தைக்கு நடுவே படுத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த டபுள் பாஸ், மேலே வந்ததும் சுருதி முழுக்க மாறியிருந்தது. குளிர்ந்தால் கம்பி வாத்தியத்தின் சுருதி ஏறும், ஊது வாத்தியத்தின் சுருதி இறங்கும். இரண்டும் எதிர் எதிர்த் திசையில் போவதுதான் சங்கடம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் குறையும். சுருதிக் கணக்கில் அது மூன்று சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). ஆறு டிகிரி வித்தியாசம் என்றால் பதினெட்டு சென்ட், காது உள்ள எவருக்கும் கேட்கும். வாசிப்பவரின் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. ஆனால் அறுபது பார் (தாளச் சுற்று) சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஊத வேண்டிய ஹார்ன் அந்த இடைவெளியில் ஆறிப் போயிருக்கும். ஹார்ன்காரர்கள் முறை வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். பேண்டில் கற்ற பழக்கமாம்.

இந்தச் சிம்பொனி எஃப் ஷார்ப் மைனரில் இருப்பதும் ஹார்னுக்குச் சோதனைதான். ஹைடன் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. சுருதியை மாற்ற வேறு வேறு நீளக் குழாய்களைச் செருக வேண்டும். இந்தச் சுருதிக்கு எதுவும் பொருந்தாததால் ஹைடன் இதற்கென்றே அரை ஸ்வரம் மாற்றும் துண்டுகளைச் செய்ய வைத்தார். எங்களவர்கள் வால்வு ஹார்ன்காரர்கள், விரல் கொஞ்சம் வலித்ததோடு போயிற்று.

மைக்

உட்காரும் முறையை மிஸ் முடிவு செய்தார். முதல் வயலின் இடது பக்கம், இரண்டாம் வயலின் நேர் எதிரே வலது பக்கம். அந்தக் காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் செல்லோவும் வியோலாவும், பின்னால் ஓபோவும் கிளாரினெட்டும், இடது பின்னால் ஹார்ன்கள். ஸ்டீரியோவில் கேட்கும்போது இரண்டு வயலின் பகுதிகளும் கேள்வி பதிலாகப் பேசுவது இந்த அமைப்பில்தான் தெரிகிறது. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கலந்து ஒன்றாகிவிடும்.

ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் கல் சுவர் இருந்தால் நேரே போகிற சத்தத்தைவிடச் சுவரில் மோதி வருவதே பெரிதாக இருக்கும். முதல் ஒத்திகையில் அவர்கள் இரண்டு பேர் ஆறு பேராகக் கேட்டார்கள். பத்துக் காப்பி மூட்டைகளை அவர்களுக்குப் பின்னால் நகர்த்தினோம், வாசிப்பை மாற்றாமலேயே சரியாயிற்று.

முக்கியமான மைக் இரண்டுதான். முதலில் ஓ.ஆர்.டி.எஃப். முறையில் வைத்தேன். பிரெஞ்சு வானொலியில் உருவான அமைப்பு இது: முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகள் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரித்து. எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகக் கேட்டது, ஆனால் கார்டியாய்டு தூரத்தில் இருந்தால் கீழ் ஸ்தாயி மெலியும். செல்லோவுக்குப் போட்ட பலகையின் பலன் பாதி காணாமல் போனது. அப்புறம் எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக்குகள் இரண்டை அரை மீட்டர் இடைவெளியில் வைத்தேன். அடிச்சத்தம் வந்தது, அறையும் வந்தது. 1950-களில் டெக்கா நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று ஆம்னியை முக்கோணமாகத் தொங்கவிடும் முறையை உருவாக்கினார்கள். பெரிய குழுக்களுக்கு அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கள் பதினேழு பேருக்கு இரண்டே போதும் என்று பட்டது.

உயரம் மூன்று மீட்டர் வேண்டும். அந்த உயரத்துக்கு என்னிடம் மைக் ஸ்டாண்ட் இல்லை. கல்யாண வீடியோக்காரர்கள் லைட் மாட்டும் ஸ்டாண்டை வாங்கி, காலில் மணல் மூட்டை வைத்துக் கட்டினேன், ஜம்மென்று நின்றது. இடத்தைக் கண்டுபிடிக்க அலுமினிய ஏணி. குழு வாசிக்க வாசிக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கி, முன்னும் பின்னும் நகர்த்தினேன். கீழே நின்றால் முன்வரிசை வயலின்கள் பின்னால் இருப்பவர்களை மறைக்கும். மேலே போகப் போகப் பின்வரிசை எட்டிப் பார்க்கும், இன்னும் மேலே போனால் எல்லாமே தூரத்துச் சர்ச் மாதிரி ஆகிவிடும். மிஸ்ஸின் தலைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர், உயரம் 2.8 மீட்டர் என்று முடிந்தது. அவர் உற்சாகம் வந்தால் மூக்கால் பாடுவார். அதற்காகவும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

மற்ற இரண்டு மைக்கில் ஒன்று பாஸ் பக்கம், ஒன்று ஓபோ, கிளாரினெட் முன்னால். இரண்டும் துணைக்குத்தான்.

இந்த வேலையில் என்னைப் புரட்டிப் போட்ட இடம் முதல் பகுதியின் தொடக்கம். முதல் வயலின் வேகமாகப் படியிறங்கி வரும், இரண்டாம் வயலின் தாளம் தப்பிய தட்டல்களாகக் குதிக்கும், மேலே ஓபோ நீட்டிப் பிடிக்கும். ஹெட்ஃபோனில் ஓபோவே இல்லை. கை தன்னால் ஓபோ மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குப் போனது. மிஸ் அங்கிருந்தே பார்த்துவிட்டு, “தம்பி, அதத் தொடாதீங்க, ஒரு நிமிஷம்” என்றார். இரண்டாம் வயலின்காரர்களிடம் வில்லின் நுனிப் பகுதியில், இன்னும் குட்டையாக வாசிக்கச் சொன்னார். மறுபடி ஆரம்பித்தார்கள். ஓபோ மேலே வந்து நின்றது. ஓபோகாரர் எதையுமே மாற்றவில்லை.

ஃபேடரை ஏற்றியிருந்தால் ஓபோவின் சத்தம் கூடியிருக்கும், ஆனால் ஓபோ மட்டும் அறையை விட்டு வெளியே வந்து முகத்துக்கு நேரே நின்றிருக்கும். தட்டல்கள் அப்படியே தடித்துத்தான் இருந்திருக்கும். இந்த இசையில் சமநிலை என்பது நடத்துநரின் வேலை. ஒலிப்பதிவாளன் அந்தச் சமநிலை எந்த இடத்தில் நின்றால் கேட்கிறதோ அங்கே மைக்கை வைத்துவிட்டு விலக வேண்டும்.

யோசித்தால் இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் போகிறார்கள். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. அந்தக் காலத்துப் படப்பிடிப்பில் பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே ஒலிப்பதிவானார்கள். வயலின் அதிகமாகக் கேட்டால் வயலின்காரரைத் தள்ளி உட்கார வைப்பார்கள். அவ்வளவுதான் அன்றைய மிக்ஸிங்.

டேக்

நீளமாக வாசிப்பது, பிறகு தேவைப்பட்ட இடங்களை மட்டும் திரும்ப வாசிப்பது என்று போனோம். மிஸ்ஸின் உதவியாளர் ஒருவர் எல்லா வாத்தியங்களின் நோட்ஸும் சேர்ந்த ஸ்கோரை வைத்துக்கொண்டு எந்த டேக்கில் எந்த பார் நன்றாக இருக்கிறது, எங்கே குக்குறுவான் குறுக்கிட்டது என்று பென்சிலில் குறித்தார். அந்த ஸ்கோர் இல்லாமல் எடிட்டிங்கைத் தொட்டிருக்கவே முடியாது.

திரும்ப வாசிக்கும் இடத்தை எப்போதும் நாலைந்து பார் முன்னாலிருந்தே தொடங்கச் சொல்ல வேண்டும். எங்கே ஒட்டப் போகிறோமோ அந்த நொடியில், முந்தைய ஸ்வரத்தின் எதிரொலி அறையில் மிதந்துகொண்டிருக்கும். அமைதியிலிருந்து தொடங்கிய துண்டை ஒட்டினால் அந்த எதிரொலி சட்டென்று காணாமல் போய், ஒட்டு பல்லிளிக்கும். வேகமும் ஒத்துப் போக வேண்டும். காதில் தாளம் தட்டும் கிளிக் போட்டால் இந்த இசை செத்துவிடும், ஆகவே ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் மிஸ் ஹெட்ஃபோனில் பழைய டேக்கைக் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கை தூக்குவார்.

கடைசிப் பகுதிதான் நீண்ட விவாதம். வேகமான பிரெஸ்டோ பாதியில் அறுந்து நிற்கும், பிறகு மெதுவான அடாஜியோ தொடங்கும், ஒவ்வொருவராக விலகுவார்கள். முதலில் முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும், இடையில் டபுள் பாஸ் தனக்கென்று ஒரு துள்ளல் வாசித்துவிட்டுப் போகும், பின்னால் செல்லோ, மற்ற வயலின்கள், வியோலா. மேடையில் எழுந்து போவது அழகு. பதிவில்? மாணவர்களில் சிலர் நிஜமாகவே எழுந்து போக வேண்டும் என்றார்கள். ஒத்திகையில் போய்க் காட்டினார்கள். கல் தளத்தில் செருப்பு உரசுவதும் நாற்காலி நகர்வதும் ஓபோவைவிடத் தெளிவாகக் கேட்டன. வெறுங்காலோடு போகலாம் என்றும் யோசனை வந்தது. கடைசியில் முடித்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்றே தீர்மானித்தோம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. வாசிக்காமல் கையில் இருக்கும் செல்லோவின் கம்பிகள், வயலினில் அதே ஸ்வரம் வரும்போது தானாக அதிரும். பாஸ் இன்னும் அதிகம். யாருமே வாசிக்காத ஓர் அடிச்சத்தம் மெலிசாக இழைந்துகொண்டிருந்தது. வாசித்து முடித்தவர்கள் கம்பியை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொன்னதும் நின்றது. மிஞ்சும் இரண்டு வயலின்களும் சத்தத்தை அடக்கும் மியூட் மாட்டி வாசிப்பவை, பதிவு முழுவதிலும் அதுதான் தாழ்ந்த சத்தம். அதற்காக லெவலை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கூடவே அறையின் மூச்சும் ஏறும், கேட்கிறவருக்கு யாரோ குமிழைத் திருகியது தெரிந்துவிடும். வண்டி நடமாட்டம் அடங்கிய ஒரு மாலையில், சில்வண்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் பிரெஸ்டோவின் கடைசிப் பகுதியிலிருந்து முடிவு வரைக்கும் ஒரே மூச்சாக எடுத்தோம்.

எல்லோரும் போவதற்கு முன்னால் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டேன். பகுதிகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் இதை நிரப்ப வேண்டும், சுத்த சூனியத்தை வைத்தால் கருவி நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

வீட்டில்

மிக்ஸ் வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை. முக்கியமான இரண்டு மைக் அப்படியே. பாஸ் மைக்கை 12 டெசிபல் குறைத்துச் சேர்த்தேன். பாஸ் முக்கிய மைக்கிலிருந்து ஆறு மீட்டர் தூரம், சத்தம் அங்கே வந்து சேர பதினேழரை மில்லிவினாடி ஆகும். ஆகவே பாஸ் மைக்கை அதே அளவு தாமதப்படுத்தினால்தான் இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். ஓபோ மைக்கை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டேன், மற்ற நேரம் மூடியே இருந்தது. செயற்கை எதிரொலியோ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமப்படுத்தும் கம்ப்ரெஸரோ எதுவும் போடவில்லை.

அதனால் ஒரு புகார் வந்தது. ஃபைலை அனுப்பியதும் மாணவர்கள் பலர் “சத்தமே இல்லைங்க அண்ணா” என்றார்கள். முழுப் பதிவின் சராசரி லவுட்னஸ் மைனஸ் 24 எல்.யூ.எஃப்.எஸ். அருகே இருந்தது (இந்த அளவில் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). ஸ்ட்ரீமிங்கில் அவர்கள் கேட்டுப் பழகிய பாட்டு மைனஸ் 14 சுற்றி இருக்கும். மொத்தத்தையும் அழுத்திச் சத்தத்தைக் கூட்டலாம், ஆனால் பதினேழு பேரும் இரண்டு பேரும் ஒரே அளவாகக் கேட்டால் ஹைடன் இளவரசரிடம் சொன்ன சேதி போய்ச் சேராது. மிஸ்ஸிடம் கேட்டேன், “ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்கறவங்களுக்காக நாம வாசிக்கலயே” என்றார். இருந்தாலும் வீட்டில் அம்மா அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பசங்கள் விடவில்லை. வாட்ஸ்அப்புக்கென்று மெல்லிய இடங்களைக் கொஞ்சம் தூக்கி ஒரு எம்பி3 தனியாகச் செய்து கொடுத்தேன். ஃபைல் பெயரிலேயே ‘ஃபோனுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது.